புல் மகரந்தத்தை உடல் எதைக் கொண்டு அடையாளம் காண்கிறது?

கேள்வி
எனக்குப் புல் மகரந்த ஒவ்வாமை இருப்பதாக அண்மையில் தெரியவந்தது. மகரந்தம் கிருமியன்று, நஞ்சுமன்று, உடலுக்குள் பெருகுவதுமில்லை. அப்படியிருக்க நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகக் கொள்வது எவ்வாறு? இத்தனை ஆண்டுகள் வராத தும்மல் இப்போது வருவது ஏன்? நான் கண்ணால் கூடக் கண்டிராத திமோத்தி புல்லுக்கும் தோல் பரிசோதனையில் தடிப்பு எழுந்தது பெரும் வியப்பாக இருக்கிறது.

மறுமொழி 1
உடல் மகரந்தத் துகளை அப்படியே அடையாளம் காண்பதில்லை. ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரோமீட்டர் வரை அளவுள்ள அத்துகள் மூக்கின் ஈரச் சவ்வில் படிந்த சில நிமிடங்களிலேயே அதிலிருந்து சில புரதங்கள் கரைந்து வெளியேறுகின்றன. ஒவ்வாமையைத் தூண்டுபவை அவையே. அவற்றுள் முதன்மையானவை முதற்பிரிவு, ஐந்தாம் பிரிவு என வகைப்படுத்தப்பட்டவை. முதற்பிரிவுப் புரதம், மகரந்தக் குழாய் சூலகத்தை நோக்கி வளர வழிவிடுமாறு பூவின் செல் சுவரைத் தளர்த்தும் வேலையைச் செய்வது. நம் மூக்குக்கு வந்தது அதற்கு வழி தவறிய பயணம்தான்.

சவ்விலுள்ள டென்ட்ரிடிக் செல்கள் இப்புரதத்தை விழுங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, டி செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. அந்த டி செல்கள் இரண்டாம் வகை உதவிச் செல்களாக மாறினால், அவை சுரக்கும் இன்டர்லூகின் 4, இன்டர்லூகின் 13 ஆகிய சைகைப் புரதங்களின் தூண்டுதலால் பி செல்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்கள் ஐஜிஈ என்னும் எதிர்ப்பானைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. அது, ஒவ்வாமை அறிகுறிகளைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இதுவரை எந்த அறிகுறியும் தோன்றாது; இந்த ஆயத்தக் கட்டம் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும் என்பதால், உங்கள் தும்மல் தாமதமாக வந்ததில் விந்தையில்லை.

மறுமொழி 2
மேலே கூறப்பட்டது சரியே. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அடையாளம் காணுதல் இருமுறை, இரு வேறு விதங்களில் நிகழ்கிறது. டி செல் பார்ப்பது நறுக்கிய துண்டை. ஐஜிஈ பெரும்பாலும் பற்றுவது முழுப் புரதத்தின் மடிந்த வடிவத்தை. ஆகவே மடிப்பைக் குலைத்துவிட்டால் ஐஜிஈ பெரும்பாலும் அதைப் பற்றாது, டி செல்லோ அப்போதும் அடையாளம் காணும். மேலும், ஒரு புரதம் அருகருகே உள்ள இரண்டு ஐஜிஈகளையேனும் ஒருசேரப் பற்றி இணைத்தால்தான் மாஸ்ட் செல், தும்மலையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும்.

திமோத்தி புல் பற்றிய வியப்புக்கும் விடை இதிலேயே இருக்கிறது. திமோத்தி, ரை முதலிய நெருங்கிய உறவுடைய புற்களின் புரதங்கள் ஏறக்குறைய ஒரே வடிவம் கொண்டவை. ஒன்றுக்கு உருவான ஐஜிஈ மற்றொன்றையும் பற்றிக்கொள்கிறது. பெர்முடா புல் எனப்படும் அருகம்புல்லிலோ முதற்பிரிவு உண்டு, ஐந்தாம் பிரிவு இல்லை. புரோஃபிலின் என்னும் புரதம் ஏறத்தாழ எல்லாத் தாவரங்களிலும் இருப்பதால், அதைப் பற்றும் ஐஜிஈ உள்ளவருக்குத் தொடர்பற்ற பல மகரந்தங்களுக்கும் தடிப்பு எழும். அவற்றில் பல உண்மையில் தொல்லை தராதவை.

கேள்வி கேட்டவர்
நன்றி. அப்படியானால் ஒவ்வாமை இல்லாதவரின் உடல் இப்புரதங்களைக் காண்பதே இல்லையா?

மறுமொழி 3
காண்கிறது. அவர்களிடமும் இப்புரதங்களை அறியும் டி செல்கள் உண்டு. ஆனால் ஒழுங்குபடுத்தும் டி செல்களின் ஆதிக்கத்தால் எதிர்வினை அடங்கிவிடுகிறது. ஆங்கிலேய மருத்துவர் லியோனார்ட் நூன் 1911ஆம் ஆண்டில் புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசி மூலம் செலுத்திப் பார்த்த சிகிச்சையின் இன்றைய வடிவமும் இந்நிலையை நோக்கியே உடலைத் திருப்புகிறது: அதன் விளைவாக உருவாகும் ஐஜிஜி4 எதிர்ப்பான்கள், ஐஜிஈக்கு முன்பாகவே புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இத்தகைய சிகிச்சையைப் பற்றி யோசிப்பதாக இருந்தால், உங்கள் ஐஜிஈ முதற்பிரிவையும் ஐந்தாம் பிரிவையும் பற்றுகிறதா, அல்லது புரோஃபிலினை மட்டும் பற்றுகிறதா என்பதைத் தனித்தனிப் புரதங்களுக்கான இரத்தப் பரிசோதனையால் அறிந்துகொள்ளுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். பின்னது மட்டுமெனில் புல் சாற்றால் பயன் கிடைக்கும் வாய்ப்பு குறைவு.