கூரை விளிம்பு முழுக்க ஐஸ், அறைச் சுவரில் கறை – என்ன செய்யலாம்?

மல்வேர்ன்_வாசி:
வணக்கம். ரொறன்ரோவில் ஸ்காபரோவில் 80களில் கட்டிய இரண்டு தட்டு வீடு. போன கிழமை கொட்டிய ஸ்னோ இன்னும் கூரையில் கிடக்கிறது. வடக்குப் பக்கப் பீலி (கூரைத் தண்ணீர் வடிகிற தகர வாய்க்கால்) இறுகி ஒரே ஐஸ். அந்தப் பக்க அறையில், யன்னலுக்கு மேலே சீலிங் வந்து சேருமிடத்தில், தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை பரவுகிறது. வெளியே மைனஸ் 12, மழையும் இல்லை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரை மாற்றி ஆறு வருடம்தான். மச்சான் கோடாலியோடு ஏணியில் ஏறுகிறேன் என்கிறார். நான் உப்பு போடலாமா என்று யோசிக்கிறேன்.

குளிர்காய்பவள்:
சமையல் உப்போ ரோட்டு உப்போ போடாதீர்கள். அலுமினியப் பீலி அரித்துப்போகும், கீழே உள்ள செடிகளும் கருகும். கல்சியம் குளோரைட்டை ஒரு பழைய நைலோன் ஸ்ரொக்கிங்ஸில் நிரப்பி, ஐஸுக்குக் குறுக்கே, நுனி பீலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். மெதுவாக உருகி ஒரு வாய்க்கால் விழும், தேங்கிய தண்ணீர் அதனால் இறங்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

கூரைக்காரன்:
தம்பி, முதலில் மச்சானை இறக்குங்கள். இந்தக் குளிரில் சிங்கிள், அதாவது கூரையில் அடுக்கி ஆணியடித்த தார் அட்டை, விறைத்துப்போயிருக்கும். கோடாலி பட்டால் ஐஸோடு சேர்ந்து அதுவும் உடையும். ஐஸ் ஒரே துண்டாகக் கழன்றால் ஏணியையும் ஆளையும் சேர்த்துத்தான் விழுத்தும்.

தண்ணீர் உங்கள் ஹீற்றர் உருக்கியது. வீட்டுச் சூடு சீலிங் ஓட்டைகளால் அற்றிக்குக்குள் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடம்) ஏறி, கூரைப் பலகையைச் சூடாக்குகிறது. ஸ்னோவின் அடிப்பக்கம் உருகிக் கீழே வடிகிறது. தாழ்வாரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு அடியில் சூடு இல்லை. வந்த தண்ணீர் அங்கே உறைந்து அணை கட்டுகிறது. அடுத்து வருவது அணைக்குப் பின்னால் தேங்கி, சிங்கிளுக்கு அடியால் மேலே ஏறுகிறது. சிங்கிள் ஓடுகிற தண்ணீரைத்தான் தடுக்கும், நிற்கிற தண்ணீரை அல்ல.

அதனால் கூரை போட்டவரோடு உடனே சண்டைக்குப் போகாதீர்கள். விளிம்பில் சிங்கிளுக்கு அடியில் மெம்பிரேன் (தண்ணீர் புகாத ஒட்டுத்தாள்) ஒட்டினாரா என்று மட்டும் கேளுங்கள். ஒன்ராறியோவில் வழமையாக விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் மேலே போகவேண்டும், அதுவும் வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். அதற்கும் மேலே தண்ணீர் தேங்கினால் அதுவும் உதவாது.

இன்றைக்குச் செய்யவேண்டியது: ரூஃப் ரேக் (ஸ்னோ இழுக்கிற நீளத் தடி) வாங்கி, நிலத்தில் நின்றபடியே கீழ் நாலைந்து அடி ஸ்னோவை இழுத்து விடுங்கள். சிங்கிள் தெரியும்வரை சுரண்ட வேண்டாம், இரண்டு மூன்று அங்குலம் கிடக்கட்டும். அலுமினியத் தடி, மின்கம்பிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இழுத்த ஸ்னோ ஃபேர்னஸ் குழாயையோ காஸ் மீற்றரையோ மூடிவிடாமலும் பார்க்கவேண்டும். புகைக்குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் வரும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஐஸ் கனக்க இருந்தால் நீராவியால் உருக்குகிற ஆட்களைப் பிடியுங்கள். செலவுதான், ஆனால் கூரை தப்பும்.

அப்புறம் ஒரு ரோர்ச்சோடு அற்றிக்கைப் பாருங்கள். உண்மையான பழுது அங்கேதான்.

ஏஜக்ஸ்_அக்கா:
விளிம்பில் ஹீற் கேபிள் ஓட்டினால் போதாதா? பக்கத்து வீட்டில் போட்டிருக்கிறார்கள்.

கூரைக்காரன்:
அக்கா, கேபிள் தண்ணீருக்கு வழி விடும், அவ்வளவுதான். சூடு கசிந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் தெருவில் நடந்து பாருங்கள்: எந்தக் கூரையில் ஸ்னோ உச்சிவரை சமமாகக் கிடக்கிறதோ அந்த வீட்டில் சூடு உள்ளேயே நிற்கிறது. உச்சி கறுப்பாகத் தெரிந்து விளிம்பில் மட்டும் ஐஸ் தொங்கினால், அவர்கள் காஸ் பில் கட்டி வானத்தைச் சூடாக்குகிறார்கள்.

மல்வேர்ன்_வாசி:
அண்ணை, ஏறிப் பார்த்தேன். இன்சுலேஷன் பழைய மஞ்சள் பஞ்சு, ஒரு சாண்கூட இல்லை. வோஷ்றூம் ஃபானின் குழாய் கழன்று அற்றிக்குக்குள்ளேயே ஊதுகிறது. அதற்கு நேர் மேலே பலகையில் நீட்டிக்கொண்டிருக்கிற ஆணி நுனி ஒவ்வொன்றிலும் வெள்ளையாக உறைபனி.

கூரைக்காரன்:
நினைத்தேன். குளிக்கும்போது வருகிற ஆவி முழுக்க அங்கேதான் போகிறது. குழாயை உடனே பொருத்தி, கூரைக்கு வெளியே ஊதுகிற மாதிரி விடுங்கள். இன்சுலேஷன் சுற்றிய குழாயாக இருக்கவேண்டும், இல்லையென்றால் உள்ளேயே வேர்த்து ஃபானால் சொட்டும்.

இன்சுலேஷனை இளவேனிலில் கூட்டலாம், ஆனால் முதலில் ஓட்டை அடைப்பு. வயர் இறங்கும் துளைகள், பொட் லைற்றைச் சுற்றி, அற்றிக் மூடியின் விளிம்பு எல்லாம். காற்றுக் கசிவை விட்டுவிட்டு மேலே எவ்வளவு கொட்டினாலும் பாதிப் பலன்தான். ஆர்-60க்கு (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு) செலுலோஸ், அதாவது காகிதப் பஞ்சு, என்றால் ஏறக்குறைய 16 அங்குலம் வரும். கொட்டுவதற்கு முன் தாழ்வாரத்தில் தடுப்பு அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சொஃபிற்றின் (தாழ்வாரத்தின் அடிப்பலகை) காற்று வழி அடைபட்டு, பலகை உளுத்துப்போகும்.

பஞ்சுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பளபளக்கிற குறுணிக்கல் மாதிரி ஏதாவது கிடந்தால் கிளறாதீர்கள். அது வேர்மிகியூலைற்றாக இருக்கலாம், 1990க்கு முந்திய வீடுகளில் அதில் அஸ்பெஸ்ரோஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. சோதித்த பிறகுதான் மற்ற வேலை. சுவருக்கு இப்போது பெயின்ற் அடிக்கவேண்டாம், உள்ளே காய்ந்தபின் பார்க்கலாம். காப்புறுதிக்குக் காட்ட இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.