புதுப்பிப்பு: ஜி.ஐ. பைப் வெல்டிங்கும் அந்த ராத்திரிக் காய்ச்சலும்

போன வாரம் ஜி.ஐ. பைப்பை (துருப்பிடிக்காமலிருக்க துத்தநாகப் பூச்சு பூசிய இரும்புக் குழாய்) வெல்டிங் செய்த ராத்திரி குளிர்காய்ச்சல் வந்தது, வாயெல்லாம் உலோகச் சுவை என்று எழுதியிருந்தேன். டாக்டரிடம் காட்டினேன். உலோகப் புகையைச் சுவாசிப்பதால் வரும் உலோகப் புகைக் காய்ச்சல்தானாம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

பூச்சிலுள்ள துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருகவே ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆர்க் (வெல்டிங் மின்பொறி) பிடித்ததுமே வெள்ளைப் புகை கிளம்பியது அதனால்தான்.

பால் குடித்தால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு.

இப்போது மாஸ்க் மாட்டிக்கொண்டு முதலில் ஜாயின்ட்டின் இருபக்கமும் பூச்சை கிரைண்டரால் நீக்குகிறேன். வெல்டிங் திறந்த வெளியில் மட்டுமே, முகம் புகைக்கு நேரே வராதபடி நின்று. சாதாரணத் துணி மாஸ்க் இதற்கு உதவாது. நுண்ணிய புகைத்துகள்களைத் தடுக்கும் பி100 ஃபில்டர் வாங்கிவிட்டேன்.