செலோவும் உடுக்கும் சேர்ந்த அந்தக் கச்சேரி: போனவர்கள் எழுதுங்கள்

முள்ளியவளையிலிருந்து:
இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என்று நான்கு மேற்கத்தியத் தந்திக் கருவிகள். அவர்களோடு எங்கள் பக்கத்து உடுக்கு, சல்லாரித் தாளம், பாடுவதற்குக் கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார். மற்றதை விடுங்கள், ஒரு இடம்தான் இன்னும் என் மனதை அரிக்கிறது. பின்னேரம் பெய்த மழையின் ஈரத்தில் உடுக்கின் தோல் தொய்ந்துவிட்டது. அடித்தால் 'தொப்' என்றது. உடுக்குக்காரர் எழுந்து வெளியே போய்ப் பனையோலை கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். செலோக்காரரும் வில்லை வைத்துவிட்டுப் பின்னாலேயே போய்க் குந்தியிருந்து பார்த்தார். திரும்பி வந்து காத்தவராயன் கூத்துப் பாட்டைத் தொடங்கினார்கள். உடுக்கின் கயிற்றை நெரிக்க ஒலி ஏறியது. செலோக்காரர் தந்தியில் விரலை வழுக்கி அதே உயரத்துக்குக் கொண்டுபோனார். எது தோல், எது தந்தி என்று பிரிக்க முடியவில்லை.

எங்கள் கூத்தில் உடுக்கை நிறுத்தி ஆர்மோனியம் வைப்போம் என்று ஒருகாலம் முடிவெடுத்தார்கள். அதற்குச் சரி சொன்னவர்களில் நானும் ஒருவன். அப்போது கூத்தில் உடுக்கு அடித்தவரும் இந்தக் கச்சேரியில் அடித்தவரும் ஒரே ஆள்தான். கச்சேரி முடிந்து அவருக்கு முன்னால் போய் நிற்க எனக்கு முடியவில்லை.

கிளிநொச்சியிலிருந்து:
அண்ணை, நானும் இருந்தேன். உடுக்கு நன்றாக வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெல் அறுக்கும்போது பாடுகிற அருவி வெட்டுப் பாட்டை என்ன செய்தார்கள்? ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏந்திப் பாடுகிற பாட்டு, கை போகிற வேகத்தில் போகவேண்டும். இவர்கள் அடிக்கு அடி நிறுத்தி வயலினை நீட்டினார்கள். பக்கத்தில் என் அப்பம்மா. தொடக்கத்தில் அவவின் வலது கை மடியில் வெட்டுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. மூன்றாவது அடியில் வயலின் நீள, கை நின்றது. பிறகு அசையவே இல்லை. "வெட்டாமல் பாடினால் எங்கை மூச்சு விடுறது?" என்று மட்டும் கேட்டா.

ஒட்டுசுட்டானிலிருந்து:
நான் கடைசி வரிசை, ஜெனரேட்டர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ஆனால் தங்கச்சி, வயலின் நீண்டதைப் பிழை என்று சொல்லமாட்டேன். வயல் பாட்டு அறைக்குள் வந்தால் நடை மாறத்தான் செய்யும். ஹங்கேரியில் பேலா பார்டோக் என்ற இசையமைப்பாளர், போனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியைக் காவிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களின் பாட்டைப் பதிந்தவர். அந்தப் பாட்டுகளின் நடையும் சுரமும் ஊறித்தான், நான்கு தந்திக் கருவிகளுக்கு அவர் எழுதிய ஆறு படைப்புகளும் வந்தன. அதனால் முதலில் அப்பம்மாவைப் பதிந்து வையுங்கள். கதிரையில் இருத்திப் பாடச் சொல்லாதீர்கள், கையில் நெல் வெட்டுகிற தாக்கத்தியைக் கொடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். போனை மேசையில் வைக்காமல் மடித்த துணியில் வையுங்கள், மேசையில் வைத்தால் அதன் அதிர்வும் சேர்ந்து பதியும். ஏந்திப் பாட இன்னும் இரண்டு பேர் வேண்டும், தனியாகப் பாடினால் பாதிதான் வரும். மாரி விதைப்பான காலபோக வெட்டா, கோடை விதைப்பான சிறுபோகமா, எந்தக் குளத்து வயல் என்றும் கேட்டு அதே பதிவில் சொல்ல வையுங்கள். தெரியாத சொல் வந்தால் இடையில் மறிக்காதீர்கள், பிறகு கேட்கலாம்.

கிளிநொச்சியிலிருந்து:
பதிய வழி தெரியாமல் நான் எழுதவில்லை அண்ணை. அன்றைக்குப் பிறகு அப்பம்மா அந்தப் பாட்டை வீட்டிலும் பாடுவதில்லை. முன்பு அரிசி புடைக்கும்போது முணுமுணுப்பா. வரமாட்டேன் என்றவவைப் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.