திரைக்குப் பின்னால் விழுந்த 20: கேம் மாஸ்டர் பகடையை மாற்றிச் சொல்லலாமா?

பட்டணம்காத்தான்:
மண்டபத்தில் ஐந்து பேர் ஆடும் குழுவுக்கு நான் கேம் மாஸ்டர். விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். தெரியாதவர்களுக்கு: ஆளுக்கொரு கேரக்டரை வைத்துக்கொண்டு, அவன் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்வார்கள். ஊர், காடு, எதிரி எல்லாம் நான் சொல்வேன். என்ன ஆகும் என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். என் பகடை மட்டும் காலண்டர் அட்டையில் செய்த திரைக்குப் பின்னால் விழும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுப் பையன்களும் வருகிறார்கள். போன ஞாயிறு ஒரு தீவில் நான்கு ஓர்க்குகளோடு (அரக்கர் மாதிரி எதிரிகள்) சண்டை. எங்கள் மந்திரவாதி முதல் நிலை, அதாவது இப்போதுதான் தொடங்கியவன். மொத்தமே 7 ஹிட் பாயிண்ட், அடி பட்டால் குறைகிற உயிர்ப்புள்ளி. ஓர்க் கோடரியை ஓங்கியது, பகடையில் 20 விழுந்தது. கிரிட்டிக்கல், அதாவது இருப்பதிலேயே பலமான அடி. நான் "4, குறி தவறிவிட்டது" என்று சொல்லிவிட்டேன். கதையில் அடுத்து ஒரு செப்பேடு வருகிறது, அதை அந்த மந்திரவாதியால்தான் வாசிக்க முடியும்.

இதைக் கண்டுபிடித்த ஒருவர் அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால் இதில் தப்பே இல்லை. எல்லாரும் ரசிக்கிற மாதிரி கதையைக் கொண்டுபோவதுதான் கேம் மாஸ்டர் வேலை, பகடை சொன்னதை ஒப்பிப்பதல்ல. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வடகடல்:
முகத்தைத் தூக்கி வைத்திருப்பது நான்தான் அண்ணே. எவர்சில்வர் தட்டில் பகடை உருளும் சத்தம் எல்லாருக்கும் கேட்கிறது. அது நின்றதும் நீங்கள் சட்டென்று சொல்லிவிட்டால் பிரச்சினையில்லை. ஒரு நொடி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னால், ஏதோ மாறுகிறது என்று அர்த்தம். அன்றைக்குத் திரை வேறு சாய்ந்திருந்தது. 20 பளிச்சென்று தெரிந்தது.

வீட்டில் தாயம் ஆடும்போது அப்பத்தா கட்டையை உருட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு "பன்னிரண்டு" என்றால் விடுவோமா? அந்த மந்திரவாதியைக் காப்பாற்ற நான் குறுக்கே போய் நின்று இரண்டு அடி வாங்கினேன். அவன் எப்படியும் சாகமாட்டான் என்று நீங்கள் முன்னாலேயே முடிவு செய்திருந்தால், நான் எதற்கு அடி வாங்கினேன்?

கீழக்கரை லாத்தா:
தம்பி, கொஞ்சம் பொறு. நான் அக்கா பிள்ளைகளை உட்காரவைத்து நடத்துகிறேன், சின்னவளுக்குப் பத்து வயது. முதல் நாளே அவள் கேரக்டர் செத்தால் தொதல் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள், அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டாள். திரைக்குப் பின்னால் உருட்டினால் தேவைப்படும்போது முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று கேம் மாஸ்டருக்கான விதிப்புத்தகமே சொல்கிறது. 1974-இல் வந்த விளையாட்டு இது, நடத்துகிறவரை நம்பித்தான் இத்தனை வருடமும் ஓடுகிறது. ஆளை நம்பி உட்கார்ந்தபின் தட்டை எட்டிப் பார்ப்பது என்ன பழக்கம்?

இருபதுமுகம்:
கணக்கைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள். ஒரு வீச்சில் 20 விழ 5 சதவீத வாய்ப்புதான். ஆனால் நான்கு ஓர்க், மூன்று சுற்று என்றால் 12 வீச்சு. அதில் ஒரு தடவையாவது 20 விழ 46 சதவீதம், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஓர்க் கோடரி அடி 1டி12+3, அதாவது பன்னிரண்டு முகப் பகடை ஒன்றை உருட்டி 3 கூட்டுவது. கிரிட்டிக்கல் என்றால் 2டி12+3, சராசரி 16. ஆள் 0-க்கு விழுந்த பிறகும் மீதி அடி அவனுடைய முழு ஹிட் பாயிண்ட் அளவுக்கு இருந்தால் மயக்கமெல்லாம் கிடையாது, நேரே சாவு. 7 பாயிண்ட் ஆளுக்கு 14 அடி போதும்.

அதைவிட, ஐந்து முதல் நிலை ஆட்களுக்கு எதிரே நான்கு ஓர்க்கை இறக்குவது 2014 புத்தகக் கணக்கில் மிக ஆபத்தான சண்டைக்கான வரம்பையே தாண்டுகிறது. ஆபத்தை அளக்கிற புள்ளிக் கணக்கில் வரம்பு 500, இது 800. பகடை மேல் பழி போடுவானேன் அண்ணே? இரண்டு ஓர்க் போதும். அல்லது மூன்றாம் நிலையில் ஆட்டத்தைத் தொடங்குங்கள். அல்லது இந்த ஓர்க்குகள் ஆளைக் கொல்லாது, பிடித்துக்கட்டிப் பணயம் கேட்கும் என்று வையுங்கள். மனசு இளகுவதெல்லாம் பகடையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இளகட்டும்.

பட்டணம்காத்தான்:
கணக்கெல்லாம் சரி. ஐந்து பேரை ஒரே ஞாயிற்றுக்கிழமை உட்காரவைப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியுமா? ஒருத்தனுக்குக் கல்யாண வீடு, ஒருத்தனுக்குப் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. கேரக்டர் செத்தவன் மிச்ச நேரம் முழுக்க போனை நோண்டிக்கொண்டிருப்பான், அடுத்த வாரம் ஏதாவது சாக்குச் சொல்வான். செப்பேட்டுக் காட்சியை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினேன். ஒரு பகடைக்காக அதைக் கிழித்துப் போடச் சொல்கிறீர்களா?

வடகடல்:
கோளாறே அந்தச் செப்பேட்டில்தான் இருக்கிறது அண்ணே. ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி எழுதிவிட்டீர்கள், அதனால் அவனைச் சாகவிட முடியவில்லை.

தீவுக்குப் போகும்போது நடந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நாலு பேர் கேட்கட்டும். வடக்கேயிருந்து வாடைக்காற்று அடிக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வள்ளத்தைத் தீவின் வடபுறம் அணைக்கப் பார்த்தோம். அலை தூக்கி அடிக்கிறது, 15-க்கு மேல் போட்டால்தான் கரை என்றீர்கள். சரி. வாடைக்காலத்தில் வடகடல் குமுறினால் தென்கடல் அடங்கிக் கிடக்கும், பாம்பனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால், "சுற்றிப் போய்த் தென்புறம் அணைக்கிறோம், தீவே காற்றை மறைக்கும்" என்றேன். எந்தக் கடலோடியும் அதைத்தான் செய்வான். நீங்கள் யோசிக்காமல் "அதற்கும் 15" என்றீர்கள். 6 விழுந்தது. வள்ளம் கவிழ்ந்தது, அரிசி மூட்டை போயிற்று. அங்கே மட்டும் பகடை சொன்னது வேதம்!

தெரிந்தவன் சரியான வழியைச் சொன்னால் ஒத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதானே. தோற்றால் உங்களாலேயே தாங்க முடியாது என்கிற இடத்திலும் உருட்டாதீர்கள். மீதி இடத்தில், "இது பட்டால் ஆள் காலி" என்று முதலிலேயே சொல்லிவிட்டு எல்லார் நடுவிலும் உருட்டுங்கள். அப்போது 20 விழுந்தால் உங்கள்மேல் யாருக்கும் கோபம் வராது, ஓர்க் மேல்தான் வரும்.

இருபதுமுகம்:
வாடை விஷயத்தில் வடகடல் கட்சிதான் நான். நம் கரையில் கடல் கதை நடத்துகிறவர்களுக்கு இது ஒரு வசதி: கடலைப் பற்றிக் கேள்வி வந்தால் டேபிளில் இருக்கிற கடல்காரனிடமே "இந்தக் காற்றில் என்ன ஆகும்?" என்று கேட்டுவிடலாம். அவன் சொல்வது நாம் எழுதிவைத்ததைவிட நன்றாகவே இருக்கும்.

செப்பேட்டுக்கு வருகிறேன். முக்கியமான செய்தி எதுவானாலும் குறைந்தது மூன்று துப்பு வைக்க வேண்டும் என்று அனுபவப்பட்ட கேம் மாஸ்டர்கள் சொல்வார்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். செப்பேடு இருக்கட்டும். தர்காத் திண்ணையில் பழைய எழுத்து தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பெரியபட்டினத்தில் மண்ணுக்குள் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தனவே, அந்த மாதிரி ஓர் ஓட்டில் கப்பல் படம் இருக்கட்டும். மந்திரவாதி செத்தாலும் கதை நிற்காது, நீங்களும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

கீழக்கரை லாத்தா:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரையையே தூக்கி எறியச் சொல்லாதீர்கள். மறைப்பது வேறு, மாற்றுவது வேறு. வாசலில் பொறி இருக்கிறதா என்று ஒருவன் தேடுகிறான், பகடையில் 3 விழுந்ததை அவனே பார்த்துவிடுகிறான். "ஒன்றும் தென்படவில்லை" என்று நான் சொன்னால் நம்புவானா? கூட வந்தவனை முன்னால் தள்ளிவிடுவான். அந்த மாதிரித் தேடல், ஒட்டுக்கேட்டல் எல்லாம் நான் மறைத்துத்தான் உருட்டுவேன். விழுந்ததை விழுந்தபடியே வைத்துக்கொள்வேன்.

சின்னவளுக்கும் வேறு ஏற்பாடு செய்யலாம் என்று இப்போது தோன்றுகிறது. 0-க்கு வந்தால் சாவு கிடையாது, பிடிபடுவாள் அல்லது கையில் இருக்கிற பொருள் போகும் என்று முதலிலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் ஆயிற்று. யாரையும் ஏமாற்ற வேண்டாம்.

வாலிநோக்கம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புத்தகம் விலை அதிகமாக இருக்கிறதே, வாங்காமல் தொடங்க முடியாதா?

இருபதுமுகம்:
முடியும் தம்பி. அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், இணையத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பகடை கிடைக்காவிட்டால் போனில் செயலி இருக்கிறது. அதையும் நடுவில் வைத்துத் தட்டு!

பட்டணம்காத்தான்:
சரி, தாக்குதல் பகடையை இனி தட்டோடு நடுவில் வைக்கிறேன். வாடைக்கும் பகடை கேட்கமாட்டேன், போதுமா? ஆனால் கடைசிச் சண்டைக்குத் திரை வேண்டும், அதில் மாற்றமில்லை. தடைக்காலம் முழுக்க வளர்த்துக்கொண்டுவந்த வில்லன் முதல் சுற்றிலேயே பொத்தென்று விழுந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

வடகடல்:
விழுந்தால் விழட்டும், மண்டபமே அதிரக் கைதட்டுவோம். அவனுக்கு உயிரை ஏற்றி ஏற்றி நிறுத்தினீர்கள் என்று தெரிந்தால்தான் கசக்கும். அது கிடக்கட்டும். இவ்வளவு பேசுகிறோமே, அந்த மந்திரவாதியை வைத்து ஆடுகிறவனிடம் யாராவது கேட்டீர்களா?

ஏழுபாயிண்ட்:
அது நான்தான். இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அண்ணே, எனக்கு அவனைப் பிடிக்கவேயில்லை. இரண்டு பெரிய மந்திரம் போட்டால் அன்றைக்குச் சரக்கு தீர்ந்தது. சாகட்டும் என்றுதான் ஓர்க் முன்னால் போய் நின்றேன். இந்த வடகடல் குறுக்கே பாய்ந்தான், அப்புறம் நீங்கள் "4" என்றீர்கள். அடுத்த கேரக்டரைக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: முத்துக்குளிக்கிறவன், காலில் கல் கட்டி இறங்குவான், உடல்திறன் 16, விதிப்படி நான்கு நிமிடம் மூச்சடக்கலாம்.

பட்டணம்காத்தான்:
அடப்பாவி. அப்போ செப்பேட்டை யார்டா வாசிப்பது?

ஏழுபாயிண்ட்:
கடலுக்குள் போட்டுவிடுங்கள் அண்ணே, நான் எடுத்துவருகிறேன். வாசிக்கத்தான் தர்காத் திண்ணையில் பெரியவர் இருக்கிறாரே.