சிகரெட்டை விட்டவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்கு எது கைகொடுத்தது?

பல்லடம், மில் ஃபிட்டர்:

பத்தொன்பது வருடம் சிகரெட் பிடித்தேன். 2022 பிப்ரவரியில் விட்டேன். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தொடவில்லை. கூட வேலை செய்கிற பையன்கள் "எப்படிண்ணா விட்டீங்க?" என்று கேட்கும்போது ஒரு வரியில் சொல்ல வருவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விட்டவர்கள், விட்டுத் திரும்பப் பிடித்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள். யாருக்காவது உதவும்.

நான் வேலை செய்வது ஸ்பின்னிங் மில்லில். பஞ்சு பறக்கிற இடம், ஒரு பொறி போதும். தீப்பெட்டியை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு தம்கூடக் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும்வரை அவ்வளவாகத் தேடாது. ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதியதும் வாய் நமநமக்க ஆரம்பிக்கும். எதிரே இருக்கிற பெட்டிக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டைப் பையில் சில்லறையைத் தடவிக்கொண்டே இருப்பேன். அதே ஆள் லீவு நாளில் வீட்டில் இருந்தால் அரை மணிக்கு ஒன்று.

சபரிமலைக்கு மாலை போட்டாலும் இதே கதைதான். ஏழு வருடம் போனேன். 48 நாள் விரதத்தில் ஒரு தடவைகூட முறித்ததில்லை. முதல் மூன்று நாள் தலைவலி, எரிச்சல் இருக்கும். அப்புறம் நினைப்பே வராது. மலையிறங்கி வந்து குருசாமி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டீக்கடையில் நிற்பேன். நிகோட்டின் உடம்பைவிட்டுப் போவதற்குச் சில நாட்கள் போதும். அது போய் ஒன்றரை மாதம் ஆன ஆளைத் திரும்பவும் கடைக்கு இழுத்தது எது? இந்தக் கேள்வியை நான் பல வருடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. மனசு 48 நாளையும் எண்ணிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மாலைக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்று அதற்குத் தெரியும்.

விட வேண்டும் என்று உள்ளுக்குள் உறைத்தது 2020 ஏப்ரலில். ஊரடங்கு. 160 ரூபாய் பாக்கெட்டை 500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். செம்பருத்தித் தொட்டியில் நானே அணைத்துப் போட்ட துண்டுகள் கிடந்தன. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பழுப்பேறி இருந்தன. அதில் கொஞ்சம் நீளமாக இருந்த ஒன்றைத் தேடி எடுத்தேன். வாய் வைக்கிற பக்கம் ஒட்டியிருந்த மண்ணை லுங்கியில் துடைத்துவிட்டுப் பற்றவைத்தேன். இரண்டு இழுப்புதான். பஞ்சு கருகிய நாற்றம் தொண்டை வரைக்கும் போனது. கீழே மனைவி நாளைக்கு அரிசி இருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. "பிடித்திருக்கிறது, அதனால் பிடிக்கிறேன்" என்று அதுவரை சொல்லிவந்தது பொய் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் அன்றைக்கு நான் விடவில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடை திறந்ததும் முதல் ஆளாய் நின்றேன். உறைத்தால் மட்டும் போதாது, வழி தெரிய வேண்டும். இன்னும் இரண்டு வருடம் ஓடியது.

வழி காட்டியது அரசு மருத்துவமனையில் இருக்கிற புகையிலை நிறுத்த ஆலோசனை மையம். பல் வலிக்குப் போன இடத்தில் அனுப்பிவைத்தார்கள். அங்கே இருந்த ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?" என்றுதான் கேட்டார். பத்து நிமிடம் என்றேன். அரை மணிக்குள் என்றால் உடம்பு நன்றாகவே பழகியிருக்கிறது என்றார். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் ஒவ்வொரு சிகரெட்டையும் எழுதச் சொன்னார்: மணி என்ன, எந்த இடம், கூட யார், அதற்கு முன்னால் என்ன செய்தேன். எழுதிப் பார்த்தபோது எனக்கே அதிர்ச்சி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. அதில் ஐந்து டீயோடு. மூன்று சாப்பாட்டுக்குப் பிறகு. காலையில் கக்கூஸ் போக ஒன்று. வண்டியை எடுக்கும் முன் ஒன்று. உண்மையாகவே ஆசைப்பட்டுப் பிடித்தது இரண்டுகூட இல்லை. மில்லுக்குள் ஏன் தேடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. உள்ளே டீக்கடை இல்லை, வண்டி இல்லை, அந்த நேரங்கள் இல்லை.

அதனால் விடுகிற தேதிக்கு முன்னாலேயே அந்த முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். காலையில் சிகரெட்டுக்குப் பதில் இரண்டு சொம்பு வெந்நீர். டீ வீட்டில் மட்டும், அதுவும் கிளாஸில் இல்லை, சில்வர் டம்ளரில். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் அந்தக் கண்ணாடி கிளாஸைக் கையில் பிடித்தாலே அடுத்த கை பாக்கெட்டைத் தேடும். டீயின் அளவையும் பாதியாக்கச் சொன்னார் ஆலோசகர். புகைக்கிறவர் உடம்பு காபி, டீயில் இருக்கிற கஃபீனை வேகமாகக் கழித்துவிடுமாம். சிகரெட்டை நிறுத்திவிட்டு அதே ஆறு டீயைக் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும், அதை சிகரெட் கேட்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

டாக்டர் 4 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். அதை நான் முதல் நாள் பபிள்கம் மாதிரி மென்று தள்ளினேன். விக்கல், நெஞ்செரிச்சல். இது வேலைக்கு ஆகாது என்று தூக்கிப் போடப் பார்த்தேன். முறை வேறு. மெதுவாக மெல்ல வேண்டும். காரம் மாதிரி சுருசுருவென்று வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். அந்தச் சுருசுருப்பு அடங்கியதும் திரும்பவும் இரண்டு மெல்லு. மருந்து வாயின் சதை வழியாகத்தான் ஏற வேண்டும், எச்சிலோடு விழுங்கினால் வீண். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டாலும் சரியாக ஏறாது. இதைச் சொல்லித் தர ஆள் இல்லாமல் எத்தனை பேர் பாதியில் விட்டிருப்பார்களோ.

முதல் மூன்று நாள் மோசம். மலச்சிக்கல், வாய்ப்புண், எதற்கெடுத்தாலும் கோபம். இரண்டாவது வாரம் இருமல் கூடியது, பயந்துவிட்டேன். நுரையீரல் தன்னைத் துப்புரவு செய்துகொள்கிறது என்றார்கள். ஐந்து கிலோ எடை ஏறியது, இன்னும் மூன்று இறங்கவில்லை. பரவாயில்லை.

சென்னை வேளச்சேரி, மென்பொருள் வேலை:

அண்ணா, நோட்டு விஷயம் அருமை. நான் ஒரு பெண். அதனால் என் கதை கொஞ்சம் வேறு. கால் சென்டர் நைட் ஷிஃப்டில் 22 வயதில் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடம் வீட்டில் யாருக்கும் தெரியாது. காய்ச்சல், சளி என்று எத்தனையோ டாக்டர்களிடம் போயிருக்கிறேன், ஒருவர்கூட என்னிடம் "புகைப்பீங்களா?" என்று கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆணிடம் கேட்பார்கள். கேட்கப்படாத கேள்விக்கு நாமாகப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

முதன்முதலில் கேட்டவர் ஒரு மகப்பேறு மருத்துவர். கருத்தடை மாத்திரை எழுதப் போனவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். மாத்திரையும் சிகரெட்டும் சேர்ந்தால் ரத்தம் உறைகிற ஆபத்து கூடும், 35 வயதுக்கு மேல் இன்னும் மோசம் என்றார். எனக்கு அப்போது 34. திட்டவில்லை, முகம் மாறவில்லை. அதனால்தான் உண்மையைச் சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 எண்ணை முதல்முறையாகக் கவனித்துப் படித்தேன். கட்டணமில்லாத அரசு எண். தமிழில் பேச ஆள் கிடைத்தார். பெயரைச் சொல்லவே பத்து நிமிடம் தயங்கினேன். அவரே ஒரு தேதி குறிக்கச் சொன்னார். அந்தத் தேதியில் அவர்களே கூப்பிட்டார்கள், அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் புகைத்த எனக்கு, யாருக்கோ தெரியும்படி சிகரெட்டை விடுவது பெரிய பலமாக இருந்தது. ஒளித்து வைத்துக்கொண்டு விட முயன்றபோதெல்லாம், தோற்றாலும் யாருக்கும் தெரியாது என்ற வசதி இருந்தது.

எனக்கு சூயிங்கம் பிடிக்கவில்லை. ஒரேயடியாக நிறுத்தினேன். கை சும்மா இருப்பதுதான் பிரச்சினை. வேக வைக்காத நிலக்கடலையைத் தோலோடு அரைக் கிலோ வாங்கி மேஜையில் வைத்தேன். தேடும்போதெல்லாம் உரிப்பேன். ஒரு தேடல் மூன்று நான்கு நிமிடம்தான் நிற்கிறது, பத்துக் கடலை உரிப்பதற்குள் போய்விடும். உரித்ததைச் சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. இப்போது ஒன்றரை வருடம்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்:

தம்பி, நான் முப்பது வருடம் பீடி. நாளைக்கு ஒன்றரைக் கட்டு. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நின்றது அப்படியே பதினான்கு மாதம் நின்றது. இனி நமக்கு அது இல்லை என்று நம்பிவிட்டேன்.

அண்ணன் செத்துப்போனார். சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே ராத்திரி உட்கார்ந்திருந்தோம். சொந்தக்காரர் ஒருவர் பீடிக் கட்டை நீட்டினார். வருத்தத்தில் நீட்டினார், தப்பு சொல்ல முடியாது. ஒன்றுதானே என்று வாங்கினேன். முதல் இழுப்பில் தலை சுற்றியது. காரியம் முடிவதற்குள் நாளைக்கு ஒரு கட்டு ஆகிவிட்டது. "ஒன்றுதானே" என்பதை நான் இனி நம்ப மாட்டேன்.

வெட்கத்தில் ஐந்து மாதம் இதய டாக்டரிடமே போகவில்லை. அதுதான் பெரிய தப்பு. போனபோது அவர், பதினான்கு மாதம் விட்டவருக்குத் திரும்ப விடுவது புதுசா என்று கேட்டார். வரெனிக்ளின் என்ற மாத்திரை எழுதினார். விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பித்து பன்னிரண்டு வாரம். அந்த முதல் வாரம் பீடி பிடித்துக்கொண்டேதான் மாத்திரை போட்டேன். ஐந்தாம் நாள் பீடி வெறும் காய்ந்த இலைப் புகையாக இருந்தது, சுகமே இல்லை. மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். குமட்டலும் கண்டபடி கனவுகளும் வந்தன. டாக்டரைக் கேட்காமல் யாரும் வாங்கிப் போடாதீர்கள்.

தூக்கத்தை விரட்ட பீடி பிடிப்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. இப்போது கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இருபது நிமிடம் தூங்குகிறேன். லோடு அரை மணி தாமதமாகப் போய்ச் சேரட்டும். இந்தத் தடவை இரண்டரை வருடம் ஆகிறது.

தென்காசி, ஆசிரியை:

புகைத்தவள் இல்லை, புகைத்தவர் மகள். அப்பா விட முயன்றபோது நாங்கள் சட்டைப் பையைச் சோதித்தோம், வாயை முகர்ந்தோம். அவர் ஒளிந்து பிடிக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த முறை அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் புகைக்கப் போகவிடாமல் "வாங்க, கோயில் வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த நடைதான் அப்பாவைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

விழுப்புரம், மொபைல் சர்வீஸ் கடை:

எல்லாவற்றையும் படித்தேன். இன்றைக்கு எனக்கு நான்காம் நாள். என் கடைக்கு நேர் எதிரே டீக்கடை. ஒதுங்கிப் போக வழியே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டாளிகள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். நேற்று ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நாள் இப்படி?

பல்லடம், மில் ஃபிட்டர்:

தம்பி, முதல் மூன்று நாளைத் தாண்டிவிட்டீர்கள். உடம்பின் மோசமான பகுதி அதுதான். இனி அந்த ஆறு மணிதான் உங்கள் எதிரி. இரண்டு மூன்று வாரத்துக்கு அந்த நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குப் போன் போடுங்கள், இல்லை நுணுக்கமான சோல்டரிங் வேலையை அந்த நேரத்துக்கென்று எடுத்து வையுங்கள், இரண்டு கையும் அதில் இருக்கட்டும். கூட்டாளிகளில் ஒருவரிடமாவது விட்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள், எனக்கு நீட்டாதே என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஷட்டரை இறக்க வேண்டாம், வியாபாரம் கெடும். எங்கள் மாவட்டத்தில் இருப்பதுபோல உங்கள் அரசு மருத்துவமனையிலும் ஆலோசனை மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அந்தச் சகோதரி சொன்ன எண் இருக்கிறது. எனக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட். ஏழு மணிக்கு வீட்டில்தான் இருப்பேன், இங்கே ஒரு வரி போடுங்கள்.

விழுப்புரம், மொபைல் சர்வீஸ் கடை:

சரிண்ணா. கடலை அரைக் கிலோ வாங்கி வைத்துவிட்டேன். ஏழு மணிக்கு எழுதுகிறேன்.