பெரிய கம்பெனி சம்பள உயர்வுக்கு பீன்யா பட்டறைக்காரன் பணம் கட்டணுமா?

பீன்யா பட்டறை | இரவு 9.12
நான் சப்ளை பண்ற பெரிய கம்பெனியில போன மாசம் யூனியனோட சம்பள ஒப்பந்தம், அதான் செட்டில்மென்ட், முடிஞ்சுது. கேட்டுல பட்டாசு, ஸ்வீட் பாக்ஸ், யூனியன் தலைவருக்கு மாலை. சந்தோஷம்தாங்க. ஆனா அதே மாசக் கடைசியில பர்ச்சேஸ்ல இருந்து எனக்கு மெயில் வருது, பீஸ் ரேட்டைக் குறைச்சுக் கொடுங்கன்னு. எனக்கு பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை செகண்ட் ஸ்டேஜ்ல ஒரு பிரஸ் ஷாப் (உலோகத்தை மிஷின்ல அழுத்தி பாகம் செய்யுற பட்டறை), 38 பேர். என் ஆளுக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபா ஏத்தவே முழி பிதுங்குது. உள்ள இருக்கிற பெர்மனென்ட் ஆளுக்கு ஏத்தின காசை வெளிய இருக்கிற என்கிட்ட பிடுங்குறாங்க. கனரகத் தொழில்ல யூனியன்னா இப்ப இதுதான் அர்த்தம். இல்லைன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்.

ஓய்வு பெற்ற டர்னர் | இரவு 9.40
நான் சொல்கிறேன். ஜாலஹள்ளிப் பக்கம் பொதுத்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் ஓட்டினவன். செட்டில்மென்ட் பேப்பரை முழுதாகப் படித்திருக்கிறீர்களா? சம்பளம் ஏறுகிறது என்று ஒரு பக்கம் இருந்தால், ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் கூடுதல், டீ டைம் இத்தனை நிமிஷம் குறைவு என்று நாலு பக்கம் இருக்கும். சும்மா யாரும் ஏற்றிக் கொடுப்பதில்லை. இன்னொன்று, யூனியன் வாசனையே இல்லாத கம்பெனிக்கு நீங்கள் சப்ளை பண்ணியதில்லையா? அவன் வருடா வருடம் ரேட் குறைக்கச் சொல்வதில்லையா?

பீன்யா பட்டறை | இரவு 9.48
சொல்றான். அவன் இன்னும் மோசம், 90 நாள் கழிச்சுத்தான் பேமென்ட். அதுக்காக இவன் நல்லவன் ஆயிருவானா?

ஹெச்.ஆர். குரல் | இரவு 10.05
பேமென்டுக்குச் சட்டம் இருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது, இப்போது தாமதித்தால் வருமான வரியிலும் இடிக்கும். அதை விடுங்கள், யூனியனுக்கு வருவோம்.

நான் ஓசூர் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் ஹெச்.ஆர். யூனியன் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இரண்டு தேதி மறக்காது. 2009 செப்டம்பரில் கோவை பிரிக்கால் கம்பெனி. 2012 ஜூலை 18 ஹரியானா மானேசர் மாருதி கார் ஆலை. இரண்டிலும் ஆலைக்குள் நடந்த வன்முறையில் செத்தது ஹெச்.ஆர். ஆள். அவரும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்தான். வெளியாள் ஒருவன் கேட்டில் மைக் பிடித்துப் பேசிவிட்டுப் போய்விடுவான், மறுநாள் உள்ளே போய் நிற்பது நாங்கள்.

ஓய்வு பெற்ற டர்னர் | இரவு 10.31
அந்தச் சாவை யாரும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மானேசர் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 148 பேர் மேல் வழக்கு. 2017-ல் தீர்ப்பு வந்தபோது 31 பேர் குற்றவாளி, அதில் 13 பேருக்கு ஆயுள். மீதி 117 பேர் விடுதலை. குற்றமே இல்லை என்று ஆனவர்களில் பலர் அதற்குள் வருஷக்கணக்கில் ஜெயிலில் இருந்தாயிற்று. அவர்கள் தேதியை எந்த ஹெச்.ஆர். நினைவு வைத்திருக்கிறார்?

எங்கள் காலத்துக்கும் வருகிறேன். 1980 டிசம்பர் 26-ல் ஆரம்பித்தது இந்த ஊர் பொதுத்துறை ஸ்ட்ரைக். ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., ஹெச்.எம்.டி., பி.இ.எம்.எல். எல்லாம் சேர்ந்து 77 நாள். இன்னொரு பொதுத்துறையான பி.ஹெச்.இ.எல். தொழிலாளிக்கு இணையான சம்பளம் கேட்டோம். கடைசியில் கேட்டது கிடைக்காமலே உள்ளே போனோம். இருந்தும் ஒரு கல்லும் எந்த மேனேஜர் மேலும் விழவில்லை என்று எங்கள் கேட்டைப் பற்றி என்னால் சொல்ல முடியும்.

அல்சூர் ஆள் | இரவு 10.36
ஐயா ஆரம்பிச்சுட்டார். 77 நாளும் இன்னைக்கு ராத்திரியே ஓடும் 😄

கோலார் வண்டி | இரவு 11.02
மாரிக்குப்பம் வண்டியில தினமும் வர்ற ஆள் நான். தாத்தா, அப்பா ரெண்டு பேரும் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்துல மூணு கிலோமீட்டர் ஆழத்துல வேலை பார்த்தவங்க. கோலார் தங்கவயல்ல (கே.ஜி.எஃப்.) யூனியனுக்குக் குறைச்சலே கிடையாது, தெருவுக்குத் தெரு கொடிக்கம்பம். ஆனா 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடினப்ப எந்தக் கொடியாலயும் நிறுத்த முடியல. அதனால யூனியன்னதும் எனக்குப் புல்லரிக்காது. வேண்டாம்னும் சொல்ல வரல.

நான் பார்த்ததைச் சொல்றேன், கம்பெனி பேர் வேண்டாம். ஒரு ஃபோர்ஜிங் (உலோகத்தை அடிச்சு வடிவம் எடுக்கிற) கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்தேன். அங்க ட்ரிம்மிங் பிரஸ் ஒண்ணு, ஓரத்துல பிதுங்குற உலோகத்தை வெட்டுற மிஷின். பட்டனைத் தொடாமலே ராம் (மேல இருந்து இறங்கி அழுத்துற பாகம்) ரெண்டாவது தடவை கீழ வந்துரும், ரிபீட் ஸ்ட்ரோக்னு சொல்லுவாங்க. கிளட்ச் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆப்பரேட்டர் பெர்மனென்ட், யூனியன் மெம்பர். ஒரு தடவை ரிபீட் அடிச்சதும் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு, ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உக்கார்ந்துட்டார். ஃபோர்மேன் வந்தார், இன்சார்ஜ் வந்தார். "மெயின்டனன்ஸ் கையெழுத்து போடட்டும், ஓட்டுறேன்"னு ஒரே பதில். அவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியல. யூனியன் ஏன் வேணும்னு அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு.

செகண்ட் ஷிஃப்ட்ல அதே மிஷின்ல ஒரு காண்ட்ராக்ட் பையனை உக்கார வெச்சாங்க. ஒடிசா பையன், வந்து ரெண்டு மாசம்கூட இருக்காது. கிளட்சை யாரும் பிரிக்கவே இல்ல. கமிட்டி மெம்பர் ஒருத்தர் அந்த வழியாத்தான் கேன்டீனுக்குப் போனார். நான் சொன்னேன். "அவன் நம்ம ரோல்ல இல்லப்பா"ன்னுட்டுப் போயிட்டார். பையனுக்கு அன்னைக்கு ஒண்ணும் ஆகல, அதிர்ஷ்டம்.

டர்னர் ஐயா, உங்க 77 நாள் பெருசுதான். இதுக்கு என்ன சொல்றீங்க?

ஓய்வு பெற்ற டர்னர் | இரவு 11.25
வெட்கம் என்றுதான் சொல்வேன். ஆனால் தம்பி, அந்தக் கமிட்டிக்காரர் ஒருத்தரோடு இது முடிகிற விஷயமில்லை. காண்ட்ராக்ட் முறையை ஒழித்தால் அந்த ஆட்களை கம்பெனியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2001-ல் 'செயில்' (அரசு இரும்பாலை நிறுவனம்) வழக்கில் அதே கோர்ட், தானாக வேலை கிடைக்காது என்று மாற்றிவிட்டது. அதற்கப்புறம் சூடு, சத்தம், புகை இருக்கிற வேலையெல்லாம் ஒவ்வொன்றாக காண்ட்ராக்டுக்குப் போயிற்று. யூனியன் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால் பதில் கசப்பானது. அந்த வேலையிலிருந்து தப்பித்தோம் என்று எங்கள் ஆட்களுக்கும் உள்ளூர நிம்மதி.

ஹெச்.ஆர். குரல் | இரவு 11.33
ஒரு யூனியன்காரர் வாயிலிருந்து இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை, சார்.

ஆனால் இப்போது நிலைமை வேறு. பழைய தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்துப் போட்ட நாலு லேபர் கோடும் 2025 நவம்பர் 21 முதல் அமலில். 51 சதவீத உறுப்பினர் இருக்கிற சங்கம் இருந்தால் அதோடுதான் பேச்சுவார்த்தை. ஸ்ட்ரைக்குக்கு 14 நாள் நோட்டீஸ். ஒரு ஆலையில் ஆறு யூனியன், ஆறு தலைவர், ஆறு லெட்டர்பேட் என்கிற கூத்து குறையும். இது தொழிலாளிக்கும் நல்லதுதானே?

ஓய்வு பெற்ற டர்னர் | இரவு 11.41
51 சதவீதம் எதில்? மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் சொந்த ஆள் பதிவேட்டில், இருப்பவர்களில். ஃபர்னஸ் முன்னால் நிற்கிறவன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டான். அதோடு, முன்பு 100 பேர் இருந்தாலே ஆலையை மூட அரசு அனுமதி வேண்டும், இப்போது 300. பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டால்கூட ஸ்ட்ரைக்காம். நல்லது யாருக்கு என்று நீங்களே பாருங்கள்.

லேபர் கோர்ட் ஃபைல் | காலை 7.20
ராத்திரி முழுக்க சட்டம் பேசியிருக்கிறீர்கள். தொழிலாளர் வழக்கு பார்க்கிற ஒரு வக்கீல் ஆபீசில் நான் வேலை செய்கிறேன். மேஜைக்கு வருகிற கணக்கைச் சொல்கிறேன்.

பழைய விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் இருந்தது, அதன் இடத்தில் வந்த கோடிலும் அட்டவணை உண்டு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. கட்டைவிரல் 30. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யிலும் இதே கணக்குதான், சம்பளத்தில் 90 சதவீதத்தை எடுத்து அதில் இந்த விழுக்காடு. மாதம் 15,000 வாங்குகிற பையனுக்கு ஆள்காட்டி விரல் போனால் மாதம் சுமார் 1,890 ரூபாய். ஆயுள் முழுக்கக் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிரஸ்ஸில் அந்த விரல் இல்லாதவனை எந்த காண்ட்ராக்டர் திரும்பக் கூப்பிடுவான்?

இதுவும் ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால்தான். விபத்து நடந்த பிறகு அவசர அவசரமாகக் கார்டு போடுவது ஊரறிந்த வழக்கம். மானேசர் பக்கம் காயம்பட்டவர்களிடையே வேலை செய்யும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பும் தன் அறிக்கைகளில் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. காண்ட்ராக்டர் ஓடிவிட்டாலும் முதன்மை முதலாளிக்கு, அதாவது வேலை வாங்கிய கம்பெனிக்கு, பொறுப்பு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அது அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டுமே. சங்கத்தில் இருக்கிறவனோடு ஃபைல் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் வருகிறார். காண்ட்ராக்ட் பையனோடு அறையில் கூடத் தங்கியிருப்பவன் வருகிறான், அவனுக்கும் அரை நாள் கூலி போகிறது.

பழைய ஃபேக்டரி சட்டத்தில், போபாலுக்குப் பிறகு 1987-ல் ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அபாயத் தொழிலில் தொழிலாளியும் நிர்வாகமும் சரிசமமாக உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி, ஆபத்து என்றால் உடனே எச்சரிக்கும் உரிமை, எல்லாம் அதில் உண்டு. ஃபவுண்டரி (வார்ப்பாலை), ஃபோர்ஜிங் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. கமிட்டி மினிட்ஸ் புத்தகம் சில கேஸில் எங்கள் கைக்கு வரும். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே நாள் மை.

பீன்யா பட்டறை | காலை 8.05
அக்கா, என் ஷாப்ல 38 பேருக்கும் ஈ.எஸ்.ஐ. இருக்கு. எல்லாரையும் ஒரே தட்டுல வெக்காதீங்க.

பட்டனைப் பத்தி ஒண்ணு சொல்றேன். பிரஸ்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அழுத்தினாத்தான் ராம் இறங்கும், கை டைக்குள்ள (அச்சுக்குள்ள) போகக்கூடாதுன்னு. ஒரு பட்டன்ல ஐஸ் குச்சியைச் செருகி வெச்சுட்டு ஒத்தைக் கையில ஓட்டுறது என் ஆளுங்களேதான். கண்டா திட்டுவேன். அடுத்த நாள் மறுபடி குச்சி. இதுல யூனியன் வந்து என்ன பண்ணும்?

கோலார் வண்டி | காலை 8.22
ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் டார்கெட் வெச்சிருக்கீங்கண்ணே? ரெண்டு கையையும் எடுத்து வெச்சு ஓட்டினா அது வருமா? வராதுன்னா குச்சியைச் செருகினது டார்கெட்தான். யூனியன் வந்தா முதல்ல அந்த நம்பரைத்தான் கேட்கும்.

பீன்யா பட்டறை | காலை 8.30
டார்கெட்டை நானா போட்டேன்? பர்ச்சேஸ்காரன் கொடுக்கிற ரேட்டுக்குக் கணக்குப் பண்ணினா அந்த நம்பர்தான் வருது.

ஓய்வு பெற்ற டர்னர் | காலை 8.44
அப்படியானால் நீங்களும் சேர்ந்து கேளுங்கள். கரண்ட் கட்டணம் ஏறினால் பீன்யா இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் மனு கொடுக்கப் போகிறதல்லவா, ரேட்டுக்கும் போகட்டும். 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் வரையறையில் முதலாளிகள் கூட்டமைப்புக்கும் இடம் இருந்தது, அதன் இடத்தில் வந்த புதிய கோடிலும் உண்டு. பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் போதும்.

பீன்யா பட்டறை | காலை 8.52
அசோசியேஷன்ல பாதிப் பேர் எனக்குப் போட்டிக்காரங்க, ஐயா. நான் ரேட்டுக்கு மறுத்தா அன்னைக்கு சாயங்காலமே அவங்க கொட்டேஷன் போயிரும்.

கோலார் வண்டி | காலை 8.55
அந்த ஒடிசா பையனும் இதையேதான் சொன்னான். நான் மாட்டேன்னா கேட்டுக்கு வெளிய பத்துப் பேர் நிக்கிறாங்கன்னு.

அல்சூர் ஆள் | காலை 8.57
கோல்!

ஹெச்.ஆர். குரல் | காலை 9.10
உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தையை யாரும் சங்கம் வைத்து மாற்ற முடியாது. எல்லாரும் சேர்ந்து ரேட் ஏற்றினால் ஆர்டர் ராஜ்கோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போகும். அப்புறம் 38 பேருக்கும் விரல் இருக்கும், வேலை இருக்காது.

லேபர் கோர்ட் ஃபைல் | காலை 9.18
விரல் இருந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், சார்.

பீன்யா பட்டறை | காலை 9.40
செட்டில்மென்ட் காசு என் தலையிலதான் விடியுதுன்னு நான் சொன்னதை ஒருத்தரும் இன்னும் உடைக்கல, அது அப்படியே இருக்கட்டும். கோலார் தம்பி, அந்தக் குச்சி வேலை நடக்காத மாதிரி ஏதோ ரிலே வருதாமே, என்ன விலை வரும்? எஸ்.பி. ரோட்ல கிடைக்குமா?

கோலார் வண்டி | காலை 10.15
டூ-ஹேண்ட் சேஃப்டி ரிலேன்னு கேளுங்கண்ணே. ரெண்டு பட்டனும் அரை செகண்டுக்குள்ள சேர்ந்து அழுந்தணும், ரெண்டையும் விட்டாத்தான் அடுத்த ஸ்ட்ரோக். குச்சி செருகினா மிஷின் அப்படியே நின்னுரும். எஸ்.பி. ரோட்ல கிடைக்கும், ஆனா பில்லோட வாங்குங்க, டூப்ளிகேட் ஜாஸ்தி. உங்க பிரஸ் பழைய பின் கிளட்ச்னா ரிலே மட்டும் போதாது, தேஞ்ச கிளட்ச் என்ன ரிலே போட்டாலும் ரிபீட் அடிக்கும். டைக்கு முன்னாடி கை போகாம தடுக்கிற மறைப்பு (guard) கட்டாயம். கிளட்ச் என்ன டைப்னு போட்டோ போடுங்க, சாயங்காலம் வண்டியில உக்கார்ந்து பார்த்துச் சொல்றேன்.