காற்று நன்றாக வீசிய இரவுகளில்தான் சிக்கல்

மின்கம்பி எட்டாத ஒரு கிராமத்தில் டீசல் ஜெனரேட்டரோடு காற்றாலையைச் சேர்த்து ஓட்டும் வேலையில் இருந்தேன். காற்று நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதை டீசல் பார்த்துக்கொள்ளும். எங்களைப் பாடாய்ப் படுத்தியது காற்று பலமாக வீசிய நேரம்தான்.

ராத்திரி ஊர் அடங்கியதும் மின்தேவை சரசரவென்று இறங்கிவிடும். காற்றாலையோ அப்போதுதான் முழு வேகத்தில் சுற்றும். டீசல் எஞ்சினுக்கு வேலையே இருக்காது. சரி, அணைத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. வோல்டேஜையும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் மாறாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த எஞ்சின்தான். ஆனால் அதன் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் சிலிண்டரில் போதிய சூடு ஏறாது, டீசல் அரைகுறையாக எரியும். புகைக்குழாய் இணைப்புகளில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு வழிந்ததைப் பலமுறை துடைத்திருக்கிறேன். லோடே, அதாவது ஊர் இழுக்கும் மின்சாரமே, இல்லாவிட்டாலும், முழு லோடில் குடிப்பதில் ஏறக்குறைய கால் பங்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும். காற்றாலை வந்தும் டீசல் பீப்பாய்கள் ஏன் குறையவில்லை என்று ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். பலத்த காற்று ஒன்று வந்து போனால் விளக்குகள் மினுக்கும், எஞ்சின் உறுமும்.

முதலில் இரவுக்கென்று ஒரு சிறிய எஞ்சின் வைத்தோம். மிஞ்சும் மின்சாரத்தைத் தண்ணீர் சுடவைக்கத் திருப்பிவிட்டோம். இது பழைய வழிதான். ஸ்காட்லாந்தின் ஃபேர் ஐல் தீவில் 1982-இல் நிறுவிய 60 கிலோவாட் காற்றாலையின் உபரியை வீடுகளைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். அப்புறம் பேட்டரியும், தானே வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் உண்டாக்கும் இன்வெர்ட்டரும் வந்தன. அதற்குப் பிறகுதான் காற்றுள்ள இரவுகளில் டீசலை முழுதாக நிறுத்த முடிந்தது. பேட்டரி இரவு முழுக்கத் தாங்க வேண்டியதில்லை, காற்று சட்டென்று விழுந்தால் எஞ்சின் கிளம்பி லோடை ஏற்கும்வரை சில நிமிடங்கள் தாங்கினால் போதும். உண்மையான சேமிப்பை அங்கேதான் பார்த்தேன்.

அண்டார்டிக்காவின் மாசன் ஆய்வு நிலையத்தில் 2003-இல் 300 கிலோவாட் காற்றாலைகள் இரண்டை டீசலோடு இணைத்தார்கள். அங்கே பராமரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் கூடவே இருப்பார்கள். கிராமத்தில் அப்படி யாரும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு சென்சார் பழுதாகி, அதை மாற்றத் தெரிந்த ஆள் வந்து சேரும்வரை நல்ல காற்றுக் காலத்தில் காற்றாலை சும்மா நின்றது. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதன் பிறகு ஊர் இளைஞர்கள் இருவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தோம், முக்கியமான உதிரிபாகங்களை ஊரிலேயே வாங்கி வைத்தோம்.

இப்படி ஒன்றைத் தொடங்கப் போகிறவர்கள், எவ்வளவு பெரிய காற்றாலை என்று முடிவு செய்யும் முன் ஓராண்டுக்காவது மணிக்கொரு முறை லோடைக் குறித்து வையுங்கள். அதில் இரவின் மிகக் குறைந்த அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.